சுத்தியலும் கட்டிலும்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை லாரி ஓடக்கூடாது. 7.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு நள்ளிரவு 12 மணி தொடங்கி இரவு 10 மணி வரை தடை. பால், பழம், காய்கறி மாதிரி சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்குகளுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் சனிக்கிழமை ராத்திரியே எங்காவது ஓரங்கட்டிவிட வேண்டும். அதனால் ஞாயிறு அன்று நெடுஞ்சாலை ஓய்விடங்களைப் பார்த்தால் ஏதோ லாரித் திருவிழா நடப்பது போல இருக்கும். போலந்து, ருமேனியா, லிதுவேனியா நம்பர் பலகைகள். கேபினுக்கு வெளியே கொடி கட்டிக் காயும் ஜட்டி பனியன்கள். சின்ன கேஸ் அடுப்பில் கொதிக்கிற எதுவோ.

போன வருஷம் காஸல் பக்கம் அப்படி நின்ற ஒரு லாரியில்தான் என் பெரியப்பா மகனைப் பார்த்தேன். நான் படிக்கிற கோட்டிங்கெனிலிருந்து அது பக்கம். நண்பன் ஒருவன் காரில் கொண்டுபோய் விட்டான். அண்ணன் ரசம் வைத்திருந்தார். நாமக்கல்லில் பதினொரு வருஷம் லாரி ஓட்டியவர், இப்போது லிதுவேனியாவில் பதிவான ஒரு கம்பெனிக்கு ஓட்டுகிறார். நம்மூர் லைசென்ஸ் அங்கே செல்லாது என்பதால், முப்பத்தெட்டு வயதில் மறுபடியும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி படித்து, பரீட்சை எழுதி வாங்கிய லைசென்ஸ்.

சாப்பிட்ட பிறகு கேபினுக்குள் ஏற்றி, கண்ணாடிக்கு மேலே கார் ரேடியோ சைஸில் இருந்த ஒரு பெட்டியைக் காட்டினார். டாக்கோகிராஃப். "இதாண்டா தம்பி இங்க என் மொதலாளி" என்றார்.

அந்தப் பெட்டி ஓட்டுநரின் கார்டை வாங்கிக்கொண்டு நிமிஷக் கணக்கில் எழுதுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு விதி இதுதான்: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிஷம் நிறுத்த வேண்டும். வேண்டுமானால் முதலில் 15, பிறகு 30 என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10. வாரத்துக்கு 56 மணி நேரம்; ஆனால் அடுத்தடுத்த இரண்டு வாரம் சேர்த்து 90ஐத் தாண்டக்கூடாது. தினமும் 11 மணி நேர ஓய்வு, சில நாட்கள் அது 9 ஆகலாம். வாரத்துக்கு 45 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு, சில வாரங்கள் அது 24 ஆகலாம். சாலையில் போலீஸ் நிறுத்தினால், கடந்த 56 நாட்களின் கணக்கைக் காட்ட வேண்டும்.

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வளர்ந்த ஒரு மனுஷனிடம், இரண்டு பிள்ளைகளின் அப்பாவிடம், "இப்போது நிறுத்து, இப்போது தூங்கு" என்று ஒரு டப்பா சொல்லலாமா? எனக்குத் தூக்கம் வருகிறதா இல்லையா என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இந்த விதி ஓட்டுநர் மீதான அக்கறையா, அவமானமா?

அண்ணனிடமே கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசாத அந்த விஷயத்தைச் சொன்னார்.

நாமக்கல்லில் இருந்தபோது ஒரு லோடு. காலையில் இறக்கியாக வேண்டும் என்று முதலாளி போனில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்கு முந்தைய ராத்திரியும் அண்ணன் சரியாகத் தூங்கவில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு, ரோட்டோரம் நின்றிருந்த இன்னொரு லாரியின் பின்னால் மோதியது. அண்ணனுக்குக் கீறல்தான். இடது பக்கம் உட்கார்ந்திருந்த கிளீனர் பையனுக்குக் கால் போனது. பையனுக்குப் பத்தொன்பது வயது.

"தூக்கம் வந்துச்சுன்னு நீ நெனைக்கறயா? சத்தியமா இல்லடா. தூக்கமே வரல, நல்லாத்தான் ஓட்டறேன்னு நெனச்சுட்டுத்தான் ஓட்டுனேன்."

என் கேள்விக்கான முதல் பதில் இந்த வாக்கியத்திலேயே இருந்தது. தூக்கம் கெடும்போது கண்ணும் கையும் மட்டும் மந்தமாவதில்லை. "நான் மந்தமாகிவிட்டேன்" என்று கண்டுபிடிக்கிற திறனும் கூடவே மந்தமாகிறது. பசியை நம்மால் சரியாகச் சொல்ல முடியும், வலியைச் சொல்ல முடியும். தூங்கப்போகிற கணத்தைத் தூங்கப்போகிறவனால் சொல்ல முடியாது. ஆகவே "என் உடம்பு எனக்குத் தெரியும்" என்ற வாதம், எத்தனையோ இடங்களில் நியாயமானது, இந்த ஒரு இடத்தில் நிற்கவில்லை. தெளிவாக இருக்கும்போது உட்கார்ந்து யோசித்தால், அசந்துபோயிருக்கும் என்னைக் கட்டிப்போட நானே ஒரு விதி எழுதுவேன். அலாரம் வைத்துவிட்டுப் போனைக் கைக்கு எட்டாத தூரத்தில் வைக்கிறோமே, அந்த மாதிரி. அதை அவமானம் என்று யாரும் சொல்வதில்லை.

ஆனால் இது பாதி பதில்தான். இதோடு நின்றுவிட்டால் குற்றம் முழுக்க ஓட்டுநரின் தூக்கத்தின் மீது விழுந்துவிடும். அன்றைக்கு அண்ணன் ஏன் ஓட்டினார்? தூக்கம் வரவில்லை என்று நினைத்ததால் மட்டுமா?

"முடியாதுன்னு சொல்ல முடியுமாடா? சொன்னா அடுத்த டிரிப்புக்கு வண்டி வேற ஆளுக்குப் போயிரும். மொதலாளியும் கெட்டவருன்னு சொல்ல முடியாது. அவருக்குப் பார்ட்டி நெருக்கடி. பார்ட்டிக்கு அவங்க பார்ட்டி."

இந்தியாவில் சட்டமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்துக்கு வரம்பு போட்டிருந்தது. பதினொரு வருஷம் ஓட்டிய அண்ணன் அப்படி ஒன்று இருப்பதையே லிதுவேனியாவுக்கு வந்த பிறகுதான் கேள்விப்பட்டாராம். அந்த ராத்திரி கேபினுக்குள் சட்டம் இல்லை. போன் மட்டும்தான் இருந்தது.

இங்கே கேபினுக்குள் பெட்டி இருக்கிறது. அது என்ன செய்கிறது? அண்ணன் தன் ஆங்கிலத்தில் கம்பெனிக்காரரிடம் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "மெஷின் அனுமதிக்காது." முடியாது என்று அவர் சொல்ல வேண்டியதில்லை, அவருக்காக மெஷின் சொல்கிறது. ஐரோப்பிய விதியின் பத்தாவது பிரிவில் எனக்குப் பிடித்த இரண்டு விஷயங்கள் உண்டு. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாய் என்று பார்த்து, சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கிற விதத்தில் சம்பளமோ போனஸோ தரக்கூடாது. அதோடு, சரக்கு அனுப்புகிறவர், இடைத்தரகர், துணை ஒப்பந்தக்காரர் எல்லோரும், ஒப்புக்கொண்ட நேர அட்டவணை இந்த விதிக்குள் அடங்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அதாவது பார்ட்டியும், பார்ட்டியின் பார்ட்டியும் கணக்கில் வருகிறார்கள்.

இதைப் படித்தபோது என் கோபம் இடம் மாறியது. "தூங்கு" என்ற கட்டளை ஓட்டுநரைப் பார்த்துச் சொல்லப்படுவது மாதிரி தெரிகிறது. உண்மையில் அவருக்குப் பின்னால் நிற்கிற வரிசையைப் பார்த்து அது "விடு" என்கிறது. மறுக்க முடியாத இடத்தில் நிற்பவனுக்கு, மறுக்கும் உரிமையைக் கொடுத்தால் மட்டும் போதாது. அதை அவன் பயன்படுத்த மாட்டான், பயன்படுத்தினால் வேலை போகும். மறுக்காமல் இருக்கிற வாய்ப்பையே எடுத்துவிடும்போதுதான் அவனுக்கு மூச்சு வருகிறது. சுதந்திரத்தைக் குறைத்து ஒருவனைச் சுதந்திரமாக்குவது என்றால் கேட்க முரணாகத்தான் இருக்கும். நாமக்கல் லாரி ஒன்றில் விடியற்காலை நாலரை மணிக்கு உட்கார்ந்து பார்த்தால் முரணாகத் தெரியாது.

சரி, அப்படியானால் நல்ல விதி, நல்ல மெஷின், பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அண்ணன் பெட்டியில் இருந்த ஒரு பொத்தானைக் காட்டினார்.

டாக்கோகிராஃபில் நான்கு குறிகள். ஓட்டினால் ஸ்டியரிங். மற்ற வேலைக்கு, குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல். காத்திருப்புக்குக் கோடு போட்ட ஒரு சதுரம். ஓய்வுக்குக் கட்டில். சக்கரம் உருண்டால் பெட்டி தானாகவே ஸ்டியரிங் என்று எழுதும். வண்டி நின்றதும் வழக்கமாகச் சுத்தியலுக்குப் போகும். அதைக் கட்டிலாக மாற்றுவது ஓட்டுநரின் விரல். அவன் நிஜமாகவே படுத்திருக்கிறானா, அல்லது கிடங்கில் தள்ளுவண்டியை இழுத்து மூன்று மணி நேரமாகச் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறானா என்பது பெட்டிக்குத் தெரியாது.

"இங்கயும் போன் வருமுடா. 'கட்டில் போடு'ம்பாங்க. எறக்கற நேரத்தக் கட்டில்னு காட்டுனா, அது ஓய்வுக் கணக்குல போயிரும். அப்பறம் ராத்திரி பூரா ஓட்டலாம். பொட்டி ஒண்ணும் சொல்லாது."

மெஷினின் எல்லை இங்கே முடிகிறது. சென்சாரில் காந்தம் வைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அதைப் பிடிக்கப் புதுப்புது கருவிகள் வந்தபடி இருக்கின்றன. கட்டில் பொய்யைப் பிடிக்க எளிய கருவி இல்லை. அந்தப் பொத்தானுக்கு முன்னால் அண்ணன் மறுபடியும் தனியாகத்தான் இருக்கிறார், நாமக்கல்லில் இருந்தது போலவே. விதி அவரைப் பாதி தூரம் கொண்டுவந்து விட்டிருக்கிறது. மீதி தூரத்துக்கு அவருடைய சொல்தான் துணை.

விதியை எழுதியவர்களுக்கும் இது கொஞ்சம் தெரிந்திருக்கிறது போல. பன்னிரண்டாவது பிரிவு என்று ஒன்று உண்டு. ஆட்களின், வண்டியின், சரக்கின் பாதுகாப்புக்காகப் பொருத்தமான நிறுத்துமிடம் வரை போக வேண்டியிருந்தால், சாலைக்கு ஆபத்து இல்லாத வரை, ஓட்டுநர் நேர வரம்பைத் தாண்டலாம். ஆனால் போய்ச் சேர்ந்ததும் ஏன் தாண்டினேன் என்று தன் கையால் எழுதி வைக்க வேண்டும். இத்தனை டிஜிட்டலுக்கு நடுவில் ஒரு கையெழுத்து! அண்ணன் ஒரு சீட்டைக் காட்டினார். பெட்டியிலிருந்து எடுத்த பிரிண்டின் பின்பக்கம், நெளிந்த ஆங்கில எழுத்தில்: பார்க்கிங் முழுக்க வண்டி, அடுத்த இடம் 14 நிமிஷம். போலீஸ் அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். "நான் எழுதுனத ஒரு போலீஸ்காரர் நம்புனது அன்னைக்குத்தாண்டா" என்று சிரித்தார்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இந்த விதியைப் புகழ்ந்தால் அது நியாயமாகாது. விதி நேரத்தைத் தருகிறது, வீட்டைத் தருவதில்லை. முழு 45 மணி நேர வார ஓய்வைக் கேபினில் எடுக்கக்கூடாது என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. 2020இல் அது விதியிலேயே வெளிப்படையாக ஏறியது. நாலு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டுநர் தன் வீட்டுக்கோ கம்பெனி இருக்கும் நாட்டில் அதன் மையத்துக்கோ திரும்ப வழி செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. அண்ணனுக்கு அந்தத் திரும்புதல் என்பது லிதுவேனியாவில் ஒரு வாடகை அறை. வீடு நாமக்கல்லில் இருக்கிறது. கட்டில் குறியின் கீழே பெட்டி எண்ணுகிற மணி நேரங்களில், அவர் போனில் பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

2023 வசந்த காலத்தில், டார்ம்ஷ்டாட் நகருக்குப் பக்கத்தில் கிரேஃபென்ஹவுசன் ஓய்விடத்தில், ஜார்ஜியா, உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வந்த ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்திவிட்டு வாரக்கணக்கில் உட்கார்ந்தார்கள். சம்பளம் வரவில்லை என்பதற்காக. கடைசியில் வாங்கிவிட்டுத்தான் நகர்ந்தார்கள். அவர்கள் ஓட்டிய ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பெட்டிகளில் சாட்சி இருந்தது. அந்த நிமிஷங்களுக்குக் கூலி கொடுக்கப்பட்டதா என்று பார்க்க எந்தப் பெட்டியும் இல்லை. எதை அளக்கிறோம், எதை அளக்காமல் விடுகிறோம் என்பதிலும் ஒரு அறம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முன் கேட்டேன்: "கட்டில் போடச் சொன்னா நீங்க போடுவீங்களா அண்ணா?"

"ரெண்டு தடவ போட்டிருக்கேன், வந்த புதுசுல." கொஞ்சம் நிறுத்தினார். "இப்ப போடறதில்ல. அடுத்த நாள் நல்ல லோடு தர மாட்டாங்க, தெரியும். இருந்தாலும் போடறதில்ல."

ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பையனுக்கு அவர் மாதாமாதம் பணம் அனுப்புவது எங்கள் வீட்டில் பெரியம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், எனக்குத் தற்செயலாகத் தெரியும். யாரும் அனுப்பச் சொல்லவில்லை. எந்த விதியிலும் அது இல்லை.

இரவு 10 மணி ஆனதும் ஓய்விடம் முழுக்க என்ஜின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. நான் கீழே இறங்கி நின்றேன். பெட்டியில் கட்டில் போய் ஸ்டியரிங் வந்திருக்கும். அண்ணன் கண்ணாடியை இறக்கி, "போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடு" என்றார். அடுத்த நாலரை மணி நேரத்துக்கு அவர் அதைப் பார்க்க மாட்டார் என்று தெரியும். போட்டேன்.