இன்னும் கொஞ்சம் புகை, ப்ளீஸ்!

பறவை பார்ப்பதற்காகவே ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கோயில் கோயிலாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு கூட்டம் உண்டு. அவர்கள் ரயில் எஞ்சின் பார்க்கப் போகிறவர்கள். சாதா எஞ்சின் எல்லாம் அவர்களுக்கு ஆகாது. நீராவி எஞ்சின்தான் வேண்டும். புகை விட வேண்டும், கூவ வேண்டும், முடிந்தால் இன்றைக்கோ நாளைக்கோ நிற்கப் போகிற நிலையில் இருக்க வேண்டும்.

இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் டிக்கெட் போட்டு ஜாவாத் தீவுக்குப் போவார்கள். அங்கே சர்க்கரை ஆலைகளில் கரும்புச் சக்கையையே எரித்து ஓடிய குட்டி எஞ்சின்கள் உண்டு. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் போட்ட இரண்டரை அடி அகல ரயில் பாதை ஒன்று இருக்கிறது. அங்கேயும் ஆஜர். நம்ம டார்ஜிலிங்கையும் ஊட்டியையும் விட்டுவைப்பதில்லை.

இவர்களிடம் 'போட்டோ ரன்' என்று ஒரு வழக்கம் உண்டு. காசு கொடுத்து ஒரு ரயிலையே வாடகைக்கு எடுப்பார்கள். நல்ல வளைவாகப் பார்த்து எல்லோரும் இறங்கிக்கொள்வார்கள். ரயில் பின்னாலேயே போய், மறுபடி முன்னால் வரும். இருபது கேமராக்கள் சடசடக்கும். திருப்தி இல்லையென்றால், இன்னொரு தடவை. ‘இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் புகை, ப்ளீஸ்!’

தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த அண்ணாச்சி ஒருவர் மீட்டர்கேஜ் காலத்தில் ஃபயர்மேனாக இருந்தவர். எண்பதை நெருங்குகிறார். இப்படி ஒரு போட்டோ ரன் வீடியோவை செல்போனில் அவருக்குக் காட்டினேன். பச்சை மலை, நீல வானம், நடுவே கன்னங்கரேல் என்று புகை. பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"தம்பி, நாங்க வேலை பாத்த காலத்துல கரும்புகை வந்துச்சுன்னா லோகோ இன்ஸ்பெக்டர் கூப்ட்டு ஏசுவாரு. கரியை ஒழுங்கா எரிக்கத் தெரியல, வீணாக்குதான்னு அர்த்தம். நல்ல ஃபயர்மேன் போட்ட தீயில புகையே கண்ணுல படாது. இவிய என்னடான்னா, தப்பா எரிக்கதையில்லா போட்டோ எடுக்காவ!"

அவர் சொன்னது விஞ்ஞானம். நிலக்கரிக்குக் காற்று போதவில்லையென்றால் முழுசாக எரியாது. எரியாமல் போன கரிதான் கறுப்பாக வெளியே வருகிறது. ஆக, ஒரு தொழிலாளி தன் வேலையைச் சுத்தமாகச் செய்தால் போட்டோ சப்பென்று இருக்கும். மோசமாகச் செய்தால் காலண்டரில் வரும்.

இது ரயிலோடு முடிகிற விஷயமாக எனக்குப் படவில்லை. அடுத்தவர் உழைப்பை அழகு என்று ரசிக்கிறோமே, அப்போது உண்மையில் எதை ரசிக்கிறோம்? அவருடைய திறமையையா, கஷ்டத்தையா? அந்தக் கஷ்டம் நீங்கினால் நமக்குச் சந்தோஷமா, ஏமாற்றமா?

கொஞ்சம் சங்கடமான கேள்விதான்.

நீலகிரி மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்தது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை இன்றும் நீராவி. அந்த எஞ்சின்களில் சிலதை எண்ணெயில் ஓடும்படி மாற்றினார்கள். ‘நிலக்கரி வாசனையே போச்சே’ என்று வருத்தப்படுகிற ரசிகர்கள் உண்டு. ஏற்றம் முழுக்க மண்வெட்டியால் கரியை வாரிப் போட்டவருக்கும் அதே வருத்தம் இருந்திருக்குமா? அவர் முதுகைக் கேட்டால் தெரியும்.

அண்ணாச்சியிடம் எஞ்சினுக்குள் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "முன்னால தீ, முதுகுல மழை" என்றார். அவ்வளவுதான். பிறகு அவரே, "அதுக்காக எஞ்சின் மேல பிரியம் இல்லைன்னு நினைச்சிராதிய. அது உசுருள்ள சாமான்லா" என்றார். உங்கள் பையனை அந்த வேலைக்கு அனுப்பியிருப்பீர்களா என்றேன். "மவனையா? நல்ல கதையா இருக்கே!"

எஞ்சின் மீது பிரியம், ஆனால் மகனுக்கு வேண்டாம். இந்த இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியும். வெளியே நின்று படம் எடுக்கிறவருக்கு முதல் பாதி மட்டும்தான் தெரிகிறது.

அதற்காகக் கேமராவை மூட்டை கட்டி வைக்கச் சொல்கிறேனா என்றால், இல்லை. படம் எடுக்க ஆள் இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கும் இந்தச் சீமையிலேயே உதாரணம் இருக்கிறது.

ஜாவா வரை போவானேன்? சர்க்கரை ஆலைக்காக ஓடிய குட்டி ரயில் திருச்செந்தூர் பக்கத்திலேயே இருந்தது. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியார் பனையிலிருந்து சர்க்கரை எடுக்க ஓர் ஆலை வைத்திருந்தார்கள். அதற்காக இரண்டடி அகலத்தில் தண்டவாளம் போட்டு, திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கும் பனங்காட்டுக்கும் நடுவே 1910-களின் நடுவிலிருந்து ரயில் விட்டார்கள். சரக்கும் போனது, ஜனங்களும் போனார்கள். 1940-ல் நிறுத்திவிட்டார்கள். இன்றைக்குக் குலசை என்றால் தசரா ஞாபகம் வரும். 2024-ல் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் ஞாபகம் வரும். ரயில் ஓடிய ஊர் என்று சொன்னால், "அப்படியா?" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அந்த எஞ்சினுக்குத் தீ போட்டவர் யார், கொடி காட்டியவர் யார், பனை ஏறி இறக்கிக் கொடுத்தவர் யார்? கேட்க நாதியில்லை.

முத்துக் குளித்த கதையும் அதே. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு கயிற்றை நம்பிக் கடலுக்குள் இறங்கினார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். எத்தனை சிப்பி எடுத்தார்கள், சர்க்காருக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்கு எழுதி வைத்தார்கள். இறங்கினவர்கள் கணக்கில் வெறும் தலை எண்ணிக்கை. ராணிகளின் கழுத்தில் கிடந்த முத்துக்கு வரலாறு உண்டு, மூச்சைப் பிடித்தவனுக்கு இல்லை.

ஆகவே, படம் வேண்டும். ஆனால் எப்படிப்பட்ட படம்?

அமெரிக்காவில் வின்ஸ்டன் லிங்க் என்றொரு போட்டோகிராபர். 1955 முதல் 1960 வரை, அந்த நாட்டின் பெரிய ரயில்வேக்களில் நீராவியைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை, பெரும்பாலும் ராத்திரி நேரத்தில், பல்புகளை வெடிக்கவைத்துப் படம் எடுத்தார். ஒரு படத்தில் ரயில் பின்னால் போகிறது, முன்னால் காருக்குள் ஒரு ஜோடி உட்கார்ந்து திறந்தவெளி சினிமா பார்க்கிறது. இன்னொன்றில் சிறுவர்கள் ஆற்றில் குளிக்கிறார்கள், மேலே பாலத்தில் ரயில். எஞ்சின் தொழிலாளிகளையும் ஸ்டேஷன்காரர்களையும் எடுத்தார். அவர் ஜோடித்து எடுத்தார்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் படங்களில் மனிதர்கள் இருக்கிறார்கள். ரயில் யாருக்காக ஓடியது என்று தெரிகிறது.

நம் பக்கத்திலும் ஒரு முன்மாதிரி உண்டு. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 'கரிப்பு மணிகள்' என்று நாவல் எழுதினார் ராஜம் கிருஷ்ணன். இந்த ஊர்க்காரர் இல்லை. நேரில் வந்தார், பார்த்தார், அவர்களிடம் கேட்டார், பிறகு எழுதினார். பார்க்கிறவருக்கு ஒரு கடன் உண்டு என்று நினைத்தவர் அவர்.

இன்றைக்குத் தருவைகுளம், முள்ளக்காடு பக்கம் உப்பளங்களுக்கு விடிகாலையில் போனால், கேமராவோடு யாராவது நிற்பார்கள். பாத்தித் தண்ணீரில் வானம் விழுந்து கிடக்கும். வெள்ளை அம்பாரத்துக்குப் பக்கத்தில் தலையில் சுமையோடு ஒரு அம்மா நடந்தால், அற்புதமான படம். அந்த அம்மாவுக்கு அது கண் கூசுகிற வெள்ளை. காலில் உப்பு அரித்த புண். மழைக்காலம் வந்தால் வேலை கிடையாது. நாளைக்கே அவர் சுமக்க வேண்டாம்படி ஒரு மெஷின் வந்து, கூலியும் குறையாமல் இருந்தால், நம்மில் எத்தனை பேர் சந்தோஷப்படுவோம்? 'பழைய அழகு போச்சு' என்று எத்தனை பேர் எழுதுவோம்?

நான் ஒரு சின்னச் சோதனை வைத்திருக்கிறேன். ஒரு காட்சி அழகாக இருக்கிறதா? அதில் உழைக்கிறவரின் கஷ்டத்தைக் கழித்துப் பாருங்கள். அப்புறமும் உங்களுக்கு அது பிடித்திருந்தால், உங்கள் ரசனையில் பழுதில்லை. கஷ்டத்தோடு சேர்ந்து அழகும் போய்விட்டால், நாம் ரசித்தது எதை என்று ராத்திரி படுக்கும்போது கொஞ்சம் யோசிக்கலாம்.

படம் எடுத்த பிறகு பக்கத்தில் போய், "அம்மா, உங்க பேரு என்ன?" என்று கேட்பது பெரிய காரியமில்லை. "போட்டோ போடட்டுமா?" என்று கேட்பதும்தான். வேண்டாம் என்றால் அழித்துவிட வேண்டும். சரி என்றால், பெயரோடு போட வேண்டும். பிரிண்ட் போட்டு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் விசேஷம்.

அண்ணாச்சியிடம், எஞ்சினோடு அவர் இருக்கிற படம் ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன்.

"எங்கிட்ட ஒண்ணும் கிடையாது தம்பி. வெள்ளைக்காரங்க வந்து எடுத்துட்டுப் போவாவ. அவிய வீட்டுல எங்கயாவது கிடக்கும். உத்துப் பாத்தா நானும் இருப்பேன், கரியோட கரியா."