புழு வளர்த்தல்

கொசுப்புழு நிழலுக்குப் பயப்படும். வாளியின் மேல் குனிந்தால் போதும், நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த அத்தனையும் ஒரே கணத்தில் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விடும். அதே நிழல் கூடத்து ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியின் மேல் விழுந்தால் ஃபைட்டர் மீன் மேலே வரும். எட்டு மாதம் இந்த இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவே ஒரு டீ வடிகட்டியோடு போய்வந்தேன். ஒன்றுக்கு யமன், மற்றதற்கு அன்னதாதா என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். வாக்கியம் அழகாக இருக்கிறதே தவிர உண்மை குறைவு. யமன் எதையும் வளர்ப்பதில்லை.

மீன் மகளுக்காக வந்தது. தாய்லாந்து இனம். ஒன்றையொன்று பார்த்துச் சீறாதபடி நடுவே அட்டை வைத்து, புட்டிக்கு ஒன்றாக விற்கிறார்கள். உலர்ந்த குருணைத் தீனியை வாயில் வாங்கித் துப்பியது. கடைக்காரர் டியூபிஃபெக்ஸ் புழுவைச் சொன்னார். அது சாக்கடைச் சேற்றிலிருந்து அலசி எடுக்கப்படுவது, நோய் கொண்டுவரும். ஆகவே கொசு. சருகு ஊறிய நீரைக் கொல்லையில் வைத்தால், க்யூலெக்ஸ் கொசு இரவில் வந்து நூறு முதல் முந்நூறு முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டி ஒரு படகாக மிதக்கவிட்டுப் போகும். அரிசி நீளம்கூட இராத படகு. காலையில் அதைக் கரண்டியில் எடுத்து, துணி கட்டிய இன்னொரு வாளியில் விடவேண்டும். ஓரிரு நாளில் பொரியும். நம் வெயிலுக்கு ஒரு வாரத்தில் நான்கு முறை தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிவிடும். அதன் உருவம் அச்சடித்த கால்புள்ளி போலவே இருக்கும். அந்த நிலையில் தின்பதில்லை, ஆனால் நீந்தும். இரண்டு நாள்தான் அவகாசம், அதற்குள் மீனுக்குப் போகாவிட்டால் பறந்துவிடும்.

கொசுவை அடிப்பதில் எனக்கு என்றும் குற்றவுணர்வு இருந்ததில்லை. 1897இல் செகந்திராபாதில் ரொனால்ட் ராஸ் அனோபிலிஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டதிலிருந்து கொசுவைக் கொல்வது ஒரு குடிமைக் கடமை. 1939இன் மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் கொசு உற்பத்திக்கு இடம்கொடுக்காதிருப்பது வீட்டுக்காரனின் பொறுப்பு. கிணறுகளில் கம்பூசியா மீனை விடுவதும் இதற்குத்தான். அங்கே புழு தின்னப்படுவதைப் பற்றி யாரும் விசாரம் செய்வதில்லை. என் வாளியில் நாளைக்கு எட்டோ பத்தோ போவது மட்டும் ஏன் உறுத்தவேண்டும்? சாவு அதே சாவுதான். ஆனால் இவை நான் வரவழைத்த உயிர்கள். சாவதற்கென்று பிறப்பை ஏற்பாடு செய்தவன் நான்.

இதற்குச் சாமர்த்தியமான ஒரு பதில் உண்டு. நீ வளர்க்காவிட்டால் அவை பிறந்தே இருக்காது, கொஞ்ச நாளேனும் வாழக் கிடைத்தது உன்னால்தானே? வர்ஜீனியா வுல்ஃபின் தந்தை லெஸ்லி ஸ்டீஃபன் 1896இல் பன்றியை வைத்து இந்தத் தர்க்கத்தைச் சொன்னார். ஹென்றி சால்ட் 1914இல் மறுத்தார். இல்லாத ஒன்றுக்கு உபகாரம் செய்ய முடியாது, பிறந்தபின் செய்வதே கணக்கு என்பது அவர் கட்சி. லண்டனில் மாணவனாயிருந்த காந்தி படித்த சைவ உணவுப் புத்தகம் இந்த சால்ட் எழுதியதுதான். சால்ட் சரி என்றே எனக்குப் படுகிறது. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை ஊரே செல்லமாகப் பார்த்துக்கொள்வதால் வெட்டுக்கு முந்திய கணத்தில் கிடாவுக்கு எந்தச் சலுகையும் இல்லை.

நம்முடைய பெரிய கதை சிபி. சோழர்கள் தம்மை அவன் வழியினர் என்று சொல்லிக்கொண்டார்கள். புறாவைக் காக்கத் தன் தசையை அரிந்து பருந்துக்குத் தராசில் வைத்தான். தியாகத்தின் பெருமையில் மூழ்கியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. மறுநாள் பருந்து என்ன தின்றது? வந்தவர்கள் தேவர்கள் என்று சொல்லிக் கதை தப்பித்துக்கொள்கிறது. நிஜப் பருந்தாயிருந்தால் மறுநாள் காலை இன்னொரு புறா. வளர்ப்பவன் வசிப்பது இந்த மறுநாளில். ஒருநாள் மகத்துவம் அவனுக்குப் பயன்படாது, தினசரி பத்துப் புழு வேண்டும்.

இதில் விசித்திரம், தசை கொடுக்காவிட்டாலும் ரத்தம் நானும் கொடுத்திருக்கக்கூடும். முட்டையிடப் பெண் கொசுவுக்கு ரத்தம் தேவை. கொல்லையில் படகு விட்டுப்போன கொசு அதற்கு முன் எங்கள் வீட்டில் யாரையோ கடித்திருக்கலாம். எங்கள் ரத்தம் முட்டையாகி, புழுவாகி, மீனாகி, கண்ணாடிக்குள் நீலமாக அசைகிறது. இந்த எண்ணம் சில நாள் எனக்கு ஒருவிதச் சமாதானத்தைத் தந்தது. இப்போது யோசித்தால் அது வெறும் கவித்துவம். அறியாமல் இழந்ததைத் தானமென்று வரவு வைக்க முடியாது.

பிறகு புழுவுக்கு வலிக்குமா என்று போனேன். தொல்காப்பிய மரபியல் கறையானையும் எறும்பையும் மூவறிவில் வைக்கிறது, நண்டையும் தும்பியையும் நான்கறிவில். அந்த ஏணி வளர்ந்த உயிருக்கானது. இன்று நீரில் நெளிந்து நாளை சிறகோடு போகிற ஒன்றை எந்தப் படியில் நிறுத்துவது? பிரிட்டன் 2022இல் இயற்றிய சட்டம் நண்டு, கணவாய் வகைகளை உணர்வுள்ளவை என்று ஏற்றது, பூச்சிகளை ஏற்கவில்லை. 2024இல் நியூயார்க்கில் விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் வெளியிட்ட பிரகடனம் பூச்சிகளுக்கும் பிரக்ஞை இருக்கும் சாத்தியத்தைத் தள்ள முடியாது என்றது. இதையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, என் மனசாட்சி மெருகேறுவதாக ஒரு திருப்தியும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்தபோது வாளியில் கட்டிய துணி ஒரு பக்கம் நழுவியிருந்தது. நீரின் மேல் காலிக் கூடுகள், நூற்றுக்கணக்கில். அந்த வாரம் எதிர்வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல். "சாயங்காலமானா வாசல்ல நிக்க முடியல தம்பி, அவ்வளவு கொசு" என்றார் அந்த அம்மாள். நான் உடனே மனதுக்குள் வக்கீலானேன். டெங்கு ஏடிஸ் கொசுவால் வருவது, அது முட்டையைத் தனித்தனியாகப் பாத்திரத்தின் விளிம்பில் ஒட்டும். என்னுடையது படகு விடும் க்யூலெக்ஸ். அறிவு உண்மையானதுதான். ஆனால் துணி விலகிய வாளிக்குள் வேறு எது வந்து முட்டையிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? யானைக்கால் நோயைப் பரப்புவது க்யூலெக்ஸ் என்பதையும் அந்த நேரத்தில் சௌகரியமாக மறந்திருந்தேன். காய்ச்சல் நான்கு நாளில் இறங்கியது. சாதாரணக் காய்ச்சல் என்றார்கள்.

புழுவின் பிரக்ஞை பற்றி எட்டு மாதம் யோசித்தவனுக்கு, எதிர்வீட்டுக் குழந்தையின் தோல் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. என் விசாரத்தில் புழு இருந்தது, மீன் இருந்தது, சிபியும் சால்ட்டும் இருந்தார்கள். தெரு இல்லை.

வாளியை வெயில் காய்ந்த சிமெண்டுத் தரையில் கவிழ்த்தேன். சிறிது நேரம் துடித்தன. மீனை இரண்டு நாள் பட்டினி போட்டபின், மூன்றாம் நாள் குருணையைத் துப்பாமல் விழுங்கியது. குருணையும் மீன்தூள் கலந்ததுதான். அந்த மீன்களைப் பிடித்தது வேறு யாரோ, வேறெங்கோ. மகள் புழு எங்கே என்று கேட்டாள், சொன்னேன். எதிர்வீட்டு அம்மாளிடம் இன்னும் சொல்லவில்லை.