முடிகிறபோதே போவது

மும்பையின் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓய்வுபெற்ற தமிழர்கள் பலர், கோவையைச் சுற்றியுள்ள முதியோர் குடியிருப்புகளை விசாரித்து வைத்திருக்கிறார்கள். எப்போது போவதாக உத்தேசம் என்றால், "முடியாமப் போனா பாத்துக்கலாம்" என்பதுதான் பதில். கணக்கு தப்புவது அங்கேதான். இத்தகைய இடங்களில் பெரும்பாலானவை, சேரும்போது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறவர்களையே எதிர்பார்க்கின்றன. இடுப்பெலும்பு முறிந்த பிறகு தேடினால், ஒரு வார லீவில் அமெரிக்காவிலிருந்து வந்த பிள்ளை அவசரத்தில் காட்டுகிற இடம்தான் நம் இடம். போதாததற்கு, புது ஊரில் நான்கு சிநேகிதர்களைப் பிடிக்கவும் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

ஆஸ்திக சமாஜக் கோயிலும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கச்சேரியும் அங்கே கிடைக்குமா? நியாயமான கேள்வி. ஆனால் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியிலிருந்து மாதத்தில் எத்தனை முறை இறங்குகிறோம் என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும். ஃபோனில் கேட்கிற கச்சேரிக்கு எந்த ஊராயிருந்தால் என்ன? வீட்டை உடனே விற்க வேண்டும் என்பதும் இல்லை. பல குடியிருப்புகளில் வாடகைக்கும் இடம் உண்டு. கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போனால் எப்படியும் சில வருஷம் வெளியே இருந்தாக வேண்டும். பில்டர் தருகிற வாடகையில் அந்தக் காலத்தைக் கோவையில் கழித்துப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால், புது ஃபிளாட்டின் சாவியை வாங்கத் திரும்பி வரலாம்.