சீடர்களின் திருநாள்

பிறந்த நாட்டை விட்டு வெகு தொலைவில் வாழ்பவரின் மனம் ஆண்டு முழுவதும் அமைதியாக இருந்தாலும் ஒரு நாளில் மட்டும் தவிக்கும். அது சொந்த நாட்டின் திருநாள். சுற்றியிருப்பவர்களுக்கு அது மற்றுமொரு சாதாரண நாள். அவர் மனத்தில் மட்டும் வீட்டின் நினைவுகள் வரிசையாக எழுகின்றன. இந்தத் தவிப்பை ஒரு குரு எவ்வாறு உணர்ந்து போக்கினார் என்பதைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று சுவாமி விவேகானந்தரின் வாழ்வில் உண்டு.

1898-ஆம் ஆண்டு கோடையில் சுவாமிஜி தம் மேலைநாட்டுச் சீடர்களுடனும் அன்பர்களுடனும் காஷ்மீரில் இருந்தார். அவர்களுள் திருமதி ஓலி புல், செல்வி ஜோசபின் மெக்லவுட் இருவரும் அமெரிக்கர்கள். சகோதரி நிவேதிதை அயர்லாந்தில் பிறந்தவர். ஸ்ரீநகரில் ஜீலம் நதியில் படகு வீடுகளில் அனைவரும் தங்கியிருந்தனர். ஜூலை 4 நெருங்கியது. 1776-இல் அமெரிக்கா பிரிட்டனின் ஆட்சியிலிருந்து தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த நாள் அது.

அமெரிக்க அன்பர்களுக்குத் தெரியாமல் அந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்பது சுவாமிஜியின் விருப்பம். கொடிக்கு எங்கே போவது? ஜூலை 3 பிற்பகலில் அவர் ஒரு காஷ்மீரப் பண்டிதரை உற்சாகத்தோடு அழைத்து வந்தார். தையல் வேலை செய்பவர் அவர். கொடி எப்படி இருக்கும் என்று சொன்னால் தைத்துத் தருவார் என்றார் சுவாமிஜி. நட்சத்திரங்களும் பட்டைகளும் ஒருவாறு துணியில் அமைந்தன, நேர்த்தி போதவில்லை. மறுநாள் அதிகாலைத் தேநீருக்காக அமெரிக்கர்கள் உணவுப் படகில் ஏறியபோது, பசுமையான மரக்கிளைகளுக்கு நடுவே தங்கள் நாட்டுக் கொடியைக் கண்டார்கள். இந்தச் சிறு விழாவுக்காகவே சுவாமிஜி ஒரு பயணத்தைத் தள்ளி வைத்திருந்தார். அந்நாளை வாழ்த்தி அவர் ஆங்கிலத்தில் இயற்றிய கவிதையும் அங்கே வாசிக்கப்பட்டது.

இங்கு ஒரு கேள்வி எழலாம். அனைத்தையும் துறந்த சந்நியாசிக்கு ஒரு நாட்டின் கொடியோடு என்ன தொடர்பு? அதிலும், தேசப்பற்று என்ற பெயரில் வரும் பாரபட்சத்தைச் சீடரிடமிருந்து களைய முயன்றவர் அல்லவா அவர்? அதே ஆண்டில் நிவேதிதை பிரம்மசரிய தீட்சை பெற்றபின், இப்போது எந்த நாட்டைச் சேர்ந்தவர் என்று அவரிடம் சுவாமிஜி கேட்டார். ஆங்கிலக் கொடியின்மீது அவருக்கிருந்த ஆழ்ந்த பக்தியைக் கண்டு வியந்தார். அதன்பின் அல்மோராவில் நிவேதிதையின் பல பழைய கருத்துகள் கடுமையாகத் தாக்கப்பட்டன. அந்த நாட்கள் சீடருக்கு வேதனை மிகுந்தவை.

அந்த நிவேதிதைதான் சில வாரங்களுக்குப் பின் இந்த ரகசியத்தில் சுவாமிஜியின் துணையாக இருந்தார். பிரிட்டனிடமிருந்து விடுபட்ட நாட்டின் கொடியை உருவாக்கக் காத்திருந்தவர்களுள், ஒருவர் அதே பிரிட்டனின் கொடியை நேசித்தவர்; மற்றவர் அதன் ஆட்சியில் அடிமைப்பட்டிருந்த நாட்டின் மைந்தர். தன் நாடு இழந்ததைப் பிறர் பெற்ற பேறாகக் கண்டு மகிழ ஒருவரால் முடிந்தது. தன் நாடு இன்னும் பெறாததைப் பிறர் பெற்றதற்காகப் பொறாமையின்றி வாழ்த்த மற்றவரால் முடிந்தது. குரு சீடரிடம் உடைக்க விரும்பியது அன்பின் எல்லைச் சுவரை மட்டுமே. அன்பை அவர் ஒருபோதும் உடைக்கவில்லை.

இன்று நம் மக்கள் பலர் வெளிநாடுகளில் ஆசிரியர்களாகப் பணிபுரிகிறார்கள். தீபாவளியன்று மாணவர்களை வீட்டிற்கு அழைத்து, விளக்கேற்றி, இனிப்பு வழங்குகிறார்கள். நல்ல செயலே. ஆனால் நம் திருநாளைப் பிறருக்குக் கொடுக்கும்போது அதில் நம் பெருமையும் சற்றுக் கலந்துவிடுகிறது. எதிரே அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் ஒரு தாய்நாடு உண்டு, அவனும் ஏதோ ஒரு நாளில் மௌனமாகத் தவிக்கிறான் என்பதை நினைவில் வைப்பது அதைவிடக் கடினம். நம் ஊரிலேயே வேறு மாநிலத்திலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் திருநாள் எது என்று நாம் கேட்டதுண்டா? விருந்தினரைத் தெய்வமாகக் கருதச் சொல்கிறது தைத்திரீய உபநிஷதம். தெய்வத்திற்கு உகந்ததைப் படைப்பதுதானே வழிபாடு?

அதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கோணலாகத் தைத்த ஒரு கொடியும் சில மரக்கிளைகளும் போதுமானவையாக இருந்தன. தன் வேலையைச் சற்று ஒத்திவைக்கும் மனம் மட்டும் வேண்டும்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1902-இல், அதே ஜூலை 4-ஆம் நாள் சுவாமிஜி பேலூர் மடத்தில் மகாசமாதி அடைந்தார். சீடர்களின் நாட்டிற்கு விடுதலைத் திருநாளாக இருந்த நாள், குருவின் விடுதலை நாளாகவும் ஆயிற்று. அந்த நாள் வரும்போதெல்லாம், நம்மிடையே வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் ஒருவரையாவது நாம் நினைப்போமாக.