மச்சி

வகுப்புக்கு வெளியே இரண்டு மாணவிகள் நின்றிருந்தார்கள். ஒருத்தி அழுதிருந்தாள். "விடு மச்சி, அவன்லாம் ஒரு ஆளா" என்றாள் மற்றவள். என்னோடு வந்த பேராசிரியர், "பொம்பளப் பிள்ளைய பேசுத பேச்சா இது?" என்று முகம் சுளித்தார். எனக்குச் சுளிக்கத் தோன்றவில்லை. ஆனால் அந்தச் சொல் காதிலேயே நின்றுவிட்டது.

'மச்சி' சினிமா பெற்ற பிள்ளை அல்ல. விடுதியிலும் டீக்கடையிலும் ஆண்கள் புழங்கியதை எடுத்து, ஊர் ஊராகத் திருப்பிக் கொடுத்தது சினிமா. 2010-இல் 'பாஸ் என்கிற பாஸ்கரன்' வந்தபோது 'நண்பேன்டா' தூத்துக்குடி மினி பஸ் வரை வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டு தனுஷின் கொலைவெறிப் பாட்டு 'சூப் பாய்ஸ்' என்ற பெயரைத் தந்தது. ஒரு பெண் மறுத்துவிட்டால் பையன்கள் எல்லோரும் ஒரே கட்சி. மாணவர்கள் கையில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதியைத் தேடும் தென்மாவட்டங்களில், ஒரே படம் பார்த்ததால் ஒரு சொல்லில் உறவாவது சின்ன விஷயமில்லை. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் 'நண்பேன்டா'வின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். அந்த 'டா'வுக்குள் நாங்கள் இல்லை.

மச்சானைப் பற்றி எங்கள் கடற்கரையில் ஒரு பழைய பேச்சு உண்டு. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கல்லின் பாரத்தில் ஆழத்துக்குப் போகிறவன் மூச்சு முட்டும்போது கயிற்றை அசைப்பான். படகில் இருப்பவன் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பார்களாம். தங்கை தாலியறுக்க அவன் விடமாட்டான் என்பது கணக்கு. இரண்டு ஆண்களின் நம்பிக்கைக்குப் பிணையாகக் கரையில் ஒருத்தி நிற்கிறாள். நடுவில் ஒரு பெண் இல்லாமல் மச்சான் என்ற உறவே உண்டாகாது. நண்பனை அப்படிக் கூப்பிடும்போது அவளை யாரும் நினைப்பதில்லை. (வேடிக்கை என்னவென்றால், அகராதியில் மச்சி என்றால் மைத்துனி. மச்சானைச் சுருக்கப் போன ஆண்கள் ஒரு பெண்ணின் உறவுப்பெயரில் போய் நின்றிருக்கிறார்கள்.)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி என்னிடம் வந்தாள். வகுப்புப் பையன்கள் பெண்களைத் தரம் பிரித்திருந்தார்கள்: சூப்பர் ஃபிகர், மொக்கை ஃபிகர், அட்டு ஃபிகர். அவளுக்குக் கிடைத்தது மூன்றாவது. நகைச்சுவைக் காட்சிகளில் கேட்டு நானே சிரித்த சொற்கள்தாம். அன்றும் சிரிப்பு வந்துவிட்டது. "சினிமா டயலாக்தானம்மா, விடு" என்றேன். அவளும் சிரித்தாள். அந்தப் பருவம் முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்குப் புத்தி வந்தபோது அவள் படிப்பை முடித்துப் போயிருந்தாள்.

'சினிமா டயலாக்தானே.' இந்த வாக்கியம் இன்னும் என்னை உறுத்துகிறது. சொந்தச் சொல்லால் ஒரு பெண்ணை இழிவுபடுத்தக் கொஞ்சமாவது துணிய வேண்டும். கடன் வாங்கிய சொல்லுக்கு அதுவும் வேண்டாம். கேட்டால், "படத்துல வந்தது மேடம்." எழுதியவர் பாத்திரத்தைக் காட்டுவார், நடித்தவர் எழுதியவரைக் காட்டுவார், சிரித்தவர்கள் சும்மா சிரித்தோம் என்பார்கள். தைத்த இடம் மட்டும் இருக்கும், எய்தவர் யாரும் இருக்கமாட்டார். ஆனால் சிரிக்க ஆளில்லாவிட்டால் அப்படியொரு சொல் ஒரு வாரம் தாங்காது. நானும் அதற்குச் சோறு போட்டவள்.

அப்படியானால் பெண்பிள்ளைகளின் 'மச்சி'யும் கடன்தானே, அதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறேன் என்று கேட்கலாம். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல முடியுமா என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன். 'மச்சி' என்றால் 'மச்சி' என்று பதில் சொல்லலாம். 'அட்டு ஃபிகர்' என்றவனுக்குத் திருப்பிச் சொல்ல அந்தப் பெண்ணிடம் என்ன இருந்தது? என்னிடம் வந்தாள், நான் சிரித்தேன்.

அன்று மாலை பேருந்து நிலையத்தில் அதே இருவரைப் பார்த்தேன். அழுதவள் திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மற்றவள் கீழே நின்று தகரத்தைத் தட்டினாள்.

"இறங்குனதும் கூப்பிடு மச்சி. எத்தனை மணியானாலும் முழிச்சிருப்பேன்."

"சரி மச்சி."