பக்கத்துச் சிலுவையிலிருந்து ஒரு பாட்டு

வட இங்கிலாந்தில் நாங்கள் சில வருடங்கள் குடியிருந்த தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வேலிக்கு மேலாகத் தக்காளி நாற்று கொடுப்பார். மழை வருகிற மாதிரி இருந்தால் கொடியில் துணி கிடக்கிறது என்று குரல் கொடுப்பார். அதற்கு மேல் பெரிய பழக்கமில்லை. அவர் இறந்தபோது மரியாதைக்காக நானும் மனைவியும் தகன மையத்துக்குப் போனோம். பாதிரியார் யாரும் இல்லை. ஒரு பெண்மணி அவருடைய வாழ்க்கையைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தார். சவப்பெட்டிக்கு முன்னால் திரை மெல்ல மூடியது. அப்போது ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு. துள்ளலான மெட்டு, இடையிடையே விசில். வந்திருந்த கிழவர்கள் எல்லாரும் சேர்ந்து விசிலடிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் அவருடைய மகள் அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க இது, சாவுக்கு வந்துட்டு விசிலடிக்கிறாங்க?" என்றாள் மனைவி என் காதோடு.

அந்தப் பாட்டு எனக்குத் தெரியும். ஒரு சினிமாவில் சிலுவையில் அறையப்பட்டவர்கள் பாடுகிற பாட்டு என்பதும் தெரியும். அதனாலேயே எனக்குச் சங்கடம் ஒரு படி கூடுதல். சாவைப் பார்த்துச் சிரிக்கலாமா என்கிற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. சிரிக்கலாம் என்றால் யார் சிரிக்கலாம் என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி.

படம் 'லைஃப் ஆஃப் பிரையன்', 1979. எடுத்தவர்கள் மான்ட்டி பைத்தான் என்கிற ஆறு பேர் கொண்ட கூட்டம். 1969 அக்டோபர் 5ஆம் தேதி பிபிசியில் தொடங்கிய அவர்களுடைய நிகழ்ச்சியில் கதை கிடையாது, துணுக்குக் காட்சிகள்தான். அவற்றுக்கும் தலைவால் கிடையாது. ஒரு காட்சி முடிவுக்கு வராது, பாதியில் வேறொன்று புகுந்துவிடும். அவர்களுக்கு முன்னால் வானொலியில் 'கூன் ஷோ' மூலம் அந்தக் கதவைத் திறந்துவிட்டவர் ஸ்பைக் மில்லிகன், அகமத்நகரில் பிறந்தவர், இரண்டாம் உலகப்போரில் இத்தாலியில் குண்டடிபட்டு மனம் குலைந்து திரும்பியவர். இந்த நகைச்சுவையின் வேரில் போர் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் அதைப் 'பைத்தியக்காரத்தனம்' என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

செல்வாக்கு என்று எடுத்தால் அது எங்கெங்கோ போயிருக்கிறது. வேண்டாத மின்னஞ்சலை ஸ்பாம் என்கிறோமே, அது ஒரு ஓட்டலில் எதைக் கேட்டாலும் டப்பா இறைச்சியோடுதான் வரும் என்கிற அவர்களுடைய 1970ஆம் வருடக் காட்சியிலிருந்து வந்த பெயர். பைத்தான் கணினிமொழிக்கும் பாம்புக்கும் சம்பந்தமில்லை, இவர்கள் பெயரைத்தான் வைத்தார் கைடோ வான் ராசம். நம்மூரில் பன்னிரண்டாம் வகுப்பிலேயே பிள்ளைகள் அந்த மொழியைப் படிக்கிறார்கள். ஆனால் ஒரு நாட்டின் பெயர்ச்சொற்களுக்குள் புகுவது வேறு, அதன் சாவுச் சடங்குக்குள் புகுவது வேறு. இரண்டாவதைத்தான் நான் நேரில் பார்த்தேன்.

பிரையனாக நடித்தவர் கிரஹாம் சாப்மன். படித்தது மருத்துவம். கேம்பிரிட்ஜிலும் லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையிலும். கடுமையான குடிகாரர். இந்த வேடத்துக்காகவே 1977 கடைசியில் குடியை நிறுத்தினார். படப்பிடிப்பில் மற்றவர்களுக்கு வைத்தியமும் பார்த்தாராம். பிரையன், இயேசு பிறந்த அதே இரவில் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்துவிட்ட ஒரு சாதாரணப் பையன். தீர்க்கதரிசி என்று ஜனங்கள் அவன் பின்னால் ஓடுகிறார்கள், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. கடைசியில் ரோமானியர்கள் அவனைச் சிலுவையில் ஏற்றுகிறார்கள். இயக்கத் தோழர்கள் வருகிறார்கள், தியாகத்தைப் பாராட்டித் தீர்மானம் வாசித்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பெற்றவள் வந்து திட்டிவிட்டுப் போகிறாள். எல்லாரும் கைவிட்ட பிறகு பக்கத்துச் சிலுவையில் தொங்குகிறவன், எரிக் ஐடில், அவனைத் தேற்றுவதற்காக அந்தப் பாட்டை ஆரம்பிக்கிறான். பாட்டை எழுதியவரும் ஐடில்தான்.

பத்து வருடம் கழித்து, 1989 அக்டோபர் 4ஆம் தேதி, சாப்மன் புற்றுநோயில் இறந்தார். வயது 48. மறுநாள் நிகழ்ச்சியின் இருபதாவது ஆண்டு நிறைவு. இதை அவர்களே ஒரு துணுக்காக எழுதியிருந்தால் ரொம்பச் செயற்கை என்று தூக்கிப்போட்டிருப்பார்கள். டிசம்பர் 3ஆம் தேதி, அவர் படித்த அதே பார்த்தலோமியூவின் பெரிய கூடத்தில் நினைவுக் கூட்டம். பேச எழுந்தார் ஜான் கிளீஸ், சாப்மனோடு சேர்ந்து எழுதியவர்.

அவர் என்ன செய்தார் என்பதைப் புரிந்துகொள்ள செத்த கிளி தெரிய வேண்டும். 1969 டிசம்பரில் வந்த காட்சி. ஒருவன் கடையில் வாங்கிய கிளியைத் திருப்பிக் கொண்டுவருகிறான், செத்துவிட்டது என்கிறான். கடைக்காரன் ஒப்புக்கொள்வதில்லை. தூங்குகிறது, ஓய்வெடுக்கிறது, ஊர் நினைப்பில் ஏங்குகிறது என்று ஏதேதோ சொல்கிறான். முதலில் கிளிக்குப் பதிலாக ரொட்டி வாட்டும் டோஸ்டர்தான் இருந்தது, கிளியாக மாற்றச் சொன்னது சாப்மன் என்பார்கள். நன்னூல் தகுதி வழக்கு மூன்று என்று இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி சொல்கிறதே, அதில் மங்கலத்துக்கு நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த உதாரணம், செத்தாரைத் துஞ்சினார் என்பது. அந்தக் கடைக்காரன் பேசுவது சுத்தமான மங்கல வழக்கு. கிளி துஞ்சுகிறது என்றுதான் சாதிக்கிறான். கடைசியில் பொறுமையிழந்த வாடிக்கையாளன் சாவுக்கு ஆங்கிலத்தில் எத்தனை இடக்கரடக்கல் உண்டோ அத்தனையையும் வரிசையாகக் கொட்டுகிறான். மண்டையைப் போட்டது, டிக்கெட் வாங்கியது, மேலே போய்ச் சேர்ந்தது என்று நம் பக்கத்தில் கத்துவதுபோல. மறைப்பதற்காக உண்டான சொற்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் குவித்தால் எதையும் மறைக்க முடியாமல் போய்விடுகிறது. சாவு அம்மணமாக நிற்கிறது.

கிளீஸ் நினைவுக் கூட்டத்தில் அந்த வரிசையைத்தான் எடுத்து, கிளிக்குப் பதிலாகச் சாப்மன் பெயரைப் போட்டுச் சொன்னார். பிறகு செத்தவரை ஒட்டுண்ணி என்று திட்டினார். ஒரு கெட்டவார்த்தையும் சொன்னார். பிரிட்டனில் நினைவுக் கூட்டத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று பெருமையும் பட்டுக்கொண்டார். இவனுக்காக நான் உங்களை அதிரவைக்காமல் விட்டிருந்தால் இவன் என்னை மன்னித்திருக்க மாட்டான் என்பது அவர் சொன்ன காரணம். கூட்டத்தின் முடிவில் ஐடில் அந்தப் பாட்டை ஆரம்பிக்க எல்லாரும் பாடினார்கள். சினிமாவில் யாருக்காகப் பாடினாரோ அந்த ஆளுக்காகவே, இந்த முறை நிஜச் சாவில்.

இதற்கு எதிர்க்கட்சி ஒன்று உண்டு, அதை நான் சாதாரணமாக எண்ணவில்லை. 1979 நவம்பர் 9ஆம் தேதி பிபிசியில் ஒரு விவாதம். ஒரு பக்கம் கிளீஸ், மைக்கேல் பேலின். மறுபக்கம் மால்கம் மக்கரிட்ஜ், சதக் பேராயர் மெர்வின் ஸ்டாக்வுட். நார்வேயும் அயர்லாந்தும் படத்தைத் தடைசெய்தன, பிரிட்டனிலேயே பல உள்ளூர் மன்றங்கள் திரையிட மறுத்தன. பேராயர் ஊதாவில் சிலுவை மாலையோடு உட்கார்ந்து, உங்களுக்கு முப்பது வெள்ளிக்காசு கிடைக்கும் என்கிற தொனியில் முடித்தார். அது மட்டமான அடி. ஆனால் மக்கரிட்ஜ் கேட்டது வேறு. எந்தச் சாவிலிருந்து பெரிய கோயில்களும் ஓவியங்களும் இசையும் பிறந்தனவோ அதை வைத்து மலிவாக விளையாடுகிறீர்களே என்றார். அவர் சொல்லாமல் விட்ட அடுத்த கேள்வியை நான் சேர்த்துக்கொள்கிறேன். எல்லாவற்றையும் சிரித்தே தீர்த்துவிட்டால், நிஜமாக அழ வேண்டிய நாளில் கையில் என்ன இருக்கும்?

இதற்கு ஒரு பதில் 1982 மே 4ஆம் தேதி கடலில் கிடைத்தது. ஃபாக்லாந்து போரில் ஹெச்எம்எஸ் ஷெஃபீல்டு கப்பலை எக்ஸோசே ஏவுகணை தாக்கியது. இருபது பேர் செத்தார்கள். எரிகிற கப்பலில் மீட்புக்குக் காத்திருந்த மாலுமிகள் இந்தப் பாட்டைத்தான் பாடினார்கள். அவர்களுக்குக் கையில் இருந்தது இதுதான். சங்கீதப் புத்தகம் தெரியாத தலைமுறைக்கு ஒரு கேலிப்பாட்டு சங்கீதமாகிவிட்டது. மக்கரிட்ஜ் பயந்தது நடந்தது, ஆனால் அவர் பயந்த மாதிரி நடக்கவில்லை.

சினிமாவைத் திரும்பப் பார்த்தபோது எனக்குப் பட்டது ஒன்று. அங்கே காவலாளி பாடுவதில்லை. வேடிக்கை பார்க்க வந்தவன் பாடுவதில்லை. ஆணியடிக்கப்பட்டவன் பக்கத்தில் ஆணியடிக்கப்பட்டவனுக்குப் பாடுகிறான். (உண்மையில் அவர்களைக் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள், அது வேறு.) கப்பலிலும் அப்படித்தான். இதே பாட்டைக் கரையிலிருந்து ஒருவன் பாடியிருந்தால் அது அயோக்கியத்தனம். சொல் ஒன்று, மெட்டு ஒன்று, நிற்கிற இடம் மாறினால் கருணை கொடூரமாகிவிடும். இன்றைக்கு எதையாவது சொல்லிவிட்டு "சும்மா ஜோக்குக்குச் சொன்னேன்பா" என்று நழுவுகிறவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான்: நீ எந்தச் சிலுவையில் இருக்கிறாய்?

இந்த அளவுகோல் எல்லாவற்றுக்கும் பொருந்துகிறதா? இல்லை. கிளீஸ் சாகவில்லை, அவர் மேடையில் நின்றார். முப்பது வருட நட்புக்கு அந்த உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அது நான் தருகிற சலுகைதான். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவில் ஐடில் இதைப் பாடினார், அங்கே சிலுவையும் இல்லை ஒன்றுமில்லை, வெறும் கொண்டாட்டம். 2014இல் கோ-ஆபரேட்டிவ் நிறுவனத்தின் கணக்கெடுப்பில், பிரிட்டிஷ் இறுதிச் சடங்குகளில் அதிகம் ஒலிக்கிற பாட்டு இதுதான் என்று வந்தது, சினாட்ராவின் 'மை வே'யைத் தள்ளிவிட்டு. சடங்கை உடைக்க வந்தது சடங்காகிவிட்டது. இனி எவனாவது அழுகைப் பாட்டு போட்டால்தான் அதிர்ச்சி. சாப்மன் இருந்தால் அதைத்தான் போடச் சொல்லியிருப்பார் என்று தோன்றுகிறது.

மில்லிகன் சாமர்த்தியசாலி. எனக்கு உடம்பு சரியில்லைன்னு அப்பவே சொன்னேனே என்பதுதான் அவர் கல்லறைக்குக் கேட்ட வாசகம். 2002இல் இறந்தார். மறைமாவட்டம் ஆங்கிலத்தில் பொறிக்க ஒப்பவில்லை. ஐரிஷ் மொழியில் பொறிக்கச் சம்மதித்தது. சசெக்ஸில் விஞ்செல்சீ தேவாலயத்து மண்ணில், வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு வாசிக்கத் தெரியாத எழுத்தில் அந்த ஜோக் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் மகளை ஒரு வாரம் கழித்து வாசலில் பார்த்தேன். பாட்டு அப்பாவே தேர்ந்தெடுத்தது என்றாள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில், பென்ஷன் கவரின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தாராம். எனக்குப் பாதி பாரம் இறங்கியது. ஆனால் மனைவிக்கு இறங்கவில்லை. அவர் எழுதிக் கொடுத்தது சரி, அந்தப் பொண்ணுக்கு அழணும்னு இருந்தா என்ன பண்ணுவா என்றாள். போகிறவருடைய இஷ்டமா இருக்கிறவருடைய இஷ்டமா என்று அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது பேச்சு நீண்டது.

"உங்களுக்கு என்ன பாட்டு போடணும்?" என்றாள்.

"எனக்குப் பாட்டெல்லாம் வேண்டாம். நீ அழு, போதும்."

"அழறதும் சிரிக்கிறதும் அன்னிக்கு நான் பார்த்துக்கறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.