விசுவாசமா, கிரியையா? தமிழ் மண்ணில் ஒரு பழைய வழக்கு

மனிதன் கடவுள்முன் நீதிமானாக ஏற்கப்படுவது எதனால் என்பது கிறிஸ்தவ இறையியலில் மிகப் பழைய வழக்கு. மிகக் கசப்பானதும் அதுவே. தகுதி பாராமல் கடவுள் காட்டும் தயவு கிருபை. அதை நம்பிப் பற்றிக்கொள்வது விசுவாசம். அப்படி நம்பியவர் செய்யும் தர்மம், ஜெபம், நோன்பு, பிறருக்கான உழைப்பு ஆகியவை நற்கிரியைகள். மூன்றும் வேண்டும் என்பதில் எந்தப் பெரிய சபைக்கும் ஐயம் இருந்ததில்லை. எதற்கு எது காரணம் என்பதில்தான் தகராறு.

வழக்கின் வேர் வேதாகமத்திலேயே இருக்கிறது. நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வதால் அல்ல, விசுவாசத்தாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்று ரோமர், கலாத்தியர் நிருபங்களில் பவுல் வாதிடுகிறார். செயலில் காட்டாத விசுவாசத்துக்கு உயிரில்லை என்கிறது யாக்கோபின் நிருபம். இருவரும் சாட்சிக்கு அழைப்பது ஒரே ஆளை, ஆபிரகாமை. பவுல் எடுத்துக்கொள்வது ஆதியாகமம் 15ஆம் அதிகாரத்தில் வாக்குறுதியை நம்பிய ஆபிரகாமை; யாக்கோபு எடுத்துக்கொள்வது 22ஆம் அதிகாரத்தில் மகனையே பலியிடத் துணிந்த ஆபிரகாமை. எதிராளிகளும் வேறு. யூதரல்லாதவருக்கும் விருத்தசேதனம் கட்டாயம் என்றவர்களோடு பவுல் மோதினார். பசித்து வந்தவரை வெறும் வாழ்த்துச் சொல்லி அனுப்பியவர்களை யாக்கோபு கண்டித்தார். இதைக் கவனித்தால் முரண்பாடு பாதிக்குமேல் கரைந்துவிடுகிறது. மீதியைத்தான் பின்வந்த நூற்றாண்டுகள் சுமந்தன.

மனித முயற்சியாலேயே நல்வாழ்வு வாழமுடியும் என்ற பெலாகியுவின் போதனையை அகுஸ்தீனார் எதிர்த்தார். கி.பி. 418இல் கார்த்தேஜ் சங்கம் அந்தப் போதனையைத் தள்ளியது. 529இல் ஒராஞ்சு சங்கம் இன்னும் ஒரு படி போய், விசுவாசத்தின் முதல் அசைவே கிருபையின் வேலை என்றது. ஆயிரம் ஆண்டு கழித்து மார்ட்டின் லுத்தர், பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையைக் கண்டித்துத் தொடங்கிய கிளர்ச்சி விசுவாசத்தால் மட்டுமே மீட்பு என்ற கொள்கையில் போய் நின்றது. 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை அதைச் சபைக் கொள்கையாக எழுதிவைத்தது. 1547இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம் மறுமொழி தந்தது. புண்ணியத்தைச் சேர்த்துவைத்து மோட்சத்தை வாங்கலாம் என்று திரெந்து சொன்னதாக இன்றும் சில பிரசங்க மேடைகளில் கேட்கலாம், அது தவறு. தொடக்கம் கிருபையே என்று அந்தச் சங்கமும் சொல்கிறது. கிறிஸ்துவின் நீதி பாவியின் கணக்கில் எண்ணப்படுகிறது என்றார் லுத்தர். கிருபை ஆளை உள்ளேயே மாற்றுகிறது, மாறியவரின் நற்செயல்கள் அந்த நீதியை வளர்த்துப் பேறுபலனையும் தருகின்றன என்றது திரெந்து.

தமிழில் இந்த வழக்கு 18ஆம் நூற்றாண்டில் சூடுபிடித்தது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனெரி பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தில் உருவானவர். விசுவாசம் மெய்யானால் அது வாழ்க்கையில் தெரியவேண்டும் என்பதில் அந்த இயக்கம் கறாராக இருந்தது. அங்கே அதன் தலைவர் பிராங்கே நடத்திய அநாதை இல்லமும் பள்ளிகளும் ஐரோப்பா முழுதும் பேசப்பட்டன. சீகன்பால்கு தரங்கம்பாடியில் பள்ளிகள் திறந்தார், அச்சகம் வைத்தார், 1718இல் புதிய எருசலேம் ஆலயத்தைக் கட்டி முடித்தார். எதிர்ப்பு உள்ளிருந்தே வந்தது. தரங்கம்பாடி மிஷனைக் கோப்பன்ஹேகனிலிருந்து நிர்வகித்த குழுவின் செயலராக இருந்த கிறிஸ்தியான் வென்ட், மிஷனெரிகள் அப்போஸ்தலரைப்போல் ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தால் போதும், கட்டடமும் பள்ளியும் வீண்செலவு என்று கருதினார். ஆத்துமாவுக்குச் செய்யும் ஊழியத்தையும் உடலுக்குச் செய்யும் ஊழியத்தையும் பிரிக்க இயலாது என்று சீகன்பால்கு வாதாடினார். 1719 பிப்ரவரியில், 37 வயதுகூட நிரம்பாமல், அவர் இறந்தார். விசுவாசம் மட்டுமே என்று முழங்கிய சபைக்குள்ளேயே கிரியைக்கு என்ன இடம் என்ற சண்டை நடந்தது, இந்த வரலாற்றில் பலரும் தாண்டிப்போகும் பக்கம்.

மறுபுறம் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைத் துறவி வீரமாமுனிவர் இருந்தார். 1720களில் தஞ்சைப் படையில் பணியாற்றிய கத்தோலிக்கரான ராஜநாயக்கன், தரங்கம்பாடியில் அச்சான புதிய ஏற்பாட்டுப் பகுதிகளைப் படித்து லுத்தரன் சபைக்குப் போய் உபதேசியாரும் ஆனார். தனிமனிதர் கதையாக அது முடியவில்லை. இரு சபைகளும் ஒரே ஊர்களில் ஒரே மக்களிடம் பேசத் தொடங்கின. லுத்தரன் கொள்கைகளை மறுக்க வீரமாமுனிவர் ‘வேதவிளக்கம்’, ‘பேதகமறுத்தல்’, ‘லுத்தரினத்தியல்பு’ ஆகிய உரைநடை நூல்களை எழுதினார். அவருடைய காப்பியமான ‘தேம்பாவணி’யின் புகழில் இவை மறைந்துபோயின. ஆனால் ஐரோப்பியச் சமயப் போர் ஒன்றைத் தமிழ் உரைநடையில் நடத்திய முயற்சி என்ற அளவில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு.

தமிழருக்கு இந்தக் கேள்வி புதிதும் அல்ல. சரணாகதி செய்பவரின் பங்கு எவ்வளவு என்று வைணவத்தில் வடகலையும் தென்கலையும் முன்பே வழக்காடியிருந்தன. தாயை இறுகப் பற்றும் குரங்குக்குட்டி வடகலைக்கு உவமை. தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கு. வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இந்தப் பின்னணியோடு கிறிஸ்தவத்துக்குள் வந்தவர். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி அவர் இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளியானது. பனியனின் கதையில் பயணியின் முதுகுச்சுமை சிலுவையடியில் விழுந்துவிடுகிறது. பயணமோ அதற்குப் பிறகுதான் நீள்கிறது. தன் நல்லொழுக்கத்தையே நம்பி வருபவன் மோட்ச வாசல்வரை வந்தும் திருப்பப்படுகிறான். சீர்திருத்தச் சபைகளின் கொள்கை முழுதும் அந்த இரண்டு நிகழ்ச்சிகளில் அடங்கியிருக்கிறது. வைணவச் சரணாகதியோடு ஒப்புமை ஓரளவுக்கே செல்லும். கிறிஸ்தவம் கிருபையைச் சிலுவை மரணம் என்ற ஒரே வரலாற்று நிகழ்ச்சியோடு பிணைக்கிறது.

தருமபுரி வட்டாரத்தில் பாலக்கோடு உள்ளிட்ட பாரமகால் பகுதிக்குக் கத்தோலிக்கம், சீர்திருத்தம் என்ற இரண்டு கிறிஸ்தவ மரபுகளும் வந்தன. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறிய இப்பகுதி, 1965இல் தருமபுரி மாவட்டம் உருவாகும்வரை சேலம் மாவட்டத்தில் இருந்தது. லண்டன் மிஷன் 1827இல் சேலத்தில் பணி தொடங்கியது. அந்த மிஷனின் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. கத்தோலிக்கருக்கு 1930இல் சேலம் மறைமாவட்டமும், அதிலிருந்து 1997இல் தருமபுரி மறைமாவட்டமும் அமைந்தன. 1876–78 பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவெங்கும் மிஷன்கள் கஞ்சி வார்த்தன, அநாதைகளை எடுத்து வளர்த்தன; திருநெல்வேலிப் பக்கம் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். சோற்றுக்காக வந்த விசுவாசமா என்ற ஏளனம் அப்போதே எழுந்தது. ஆள் சேர்க்கச் செய்யும் உதவி நற்கிரியையாகுமா என்ற கேள்வி அதைவிடக் கடினமானது. மிஷனெரிகளே அதில் ஒருமனப்பட்டிருக்கவில்லை.

மக்கள் வழக்கமோ கொள்கை நூல்களுக்குக் கட்டுப்படுவதில்லை. குழந்தை பிறந்தால் வேளாங்கண்ணியில் மொட்டை, வேலை கிடைத்தால் முதல் மாதச் சம்பளம் காணிக்கை என்று பொருத்தனை செய்வது பல சபையாரிடமும் உண்டு. கடவுளோடு பேரம் பேசுவதாக இது மாறும்போது திரெந்தும் ஆக்ஸ்பர்க்கும் ஒருசேரத் தலையசைத்து மறுக்கும்.

1999 அக்டோபர் 31இல் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் சம்மேளனமும் ஆக்ஸ்பர்க்கில் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் ஏற்கப்படுவது கிருபையால், விசுவாசத்தின் வழியாக; நற்கிரியைகள் அதன் கனிகள் என்று இருவரும் ஒப்பினர். மெதடிஸ்டுகள் 2006இலும் சீர்திருத்தச் சபைகளின் உலக ஐக்கியம் 2017இலும் இதை ஏற்றன. மன்னிக்கப்பட்டவரும் பாவியாகவே நீடிக்கிறாரா, நற்செயலுக்குப் பேறுபலன் என்று ஒன்று உண்டா என்பவற்றில் இழுபறி நீங்கவில்லை. நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளில் அது கண்கூடு. இரு சபையாரும் கல்லறைகளுக்கு வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். உயிரோடிருப்பவரின் ஜெபமும் தர்மமும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாவுக்கு உதவும் என்று கத்தோலிக்கர் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள். இறந்தவரின் கணக்கில் இனி யாரும் எதையும் சேர்க்கமுடியாது என்று நம்பும் சீர்திருத்தச் சபையார், அவர் வாழ்ந்த வாழ்வுக்கு நன்றி சொல்லி ஜெபிக்கிறார்கள்.